கண்ணை மூடிக்கொண்டு ஒரு சண்டை

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. பாத்திரம் உருளவில்லை, கதவு அறையப்படவில்லை, யாரும் குரலை உயர்த்தவுமில்லை. நாள் முழுக்க வீடு மயான அமைதி. சண்டை சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும்தான்... அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, கைகளைக் கூப்பிக்கொண்டு.

ஆமாம், ஜெபத்தில்தான் சண்டை போட்டோம்.

சிரிக்காதீர்கள். கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு அடுப்பை அணைத்துவிட வேண்டும். பாய் விரிக்க வேண்டும். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு ஆளுக்கொரு ஜெபம். முதலில் ஆறாவது படிக்கும் மகள், அடுத்து நான், கடைசியில் என் கணவர். இவர் தெற்கத்திக்காரர். ஆவடி ஃபாக்டரியில் வேலை கிடைத்து, பெட்டி படுக்கையோடு அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் இது. குவார்ட்டர்ஸில் இருந்தபோதும் நடந்தது, கோவில்பதாகைக்கு வாடகை வீடு பார்த்து வந்த பிறகும் நடக்கிறது. கோபத்தில் சாப்பிடாமல் படுத்திருக்கிறோம். ஜெபம் பண்ணாமல் படுத்ததில்லை.

இனி சண்டைக்கு வருகிறேன். பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை எனக்குக் கிடைத்தது. பி.எட். முடித்த கையோடு கல்யாணம், அப்புறம் பிள்ளை, அப்புறம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு டியூஷன் என்று வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு வகுப்பறையில், ஒரு கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். இல்லாவிட்டால் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

இவர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். வேண்டாம்னா வேண்டாம் என்றார். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் ஏழு மணி வந்ததே!

முதல் நாள் அவர்தான் ஆரம்பித்தார். "கர்த்தாவே, உள்ளதில் திருப்தியாயிருக்கிற மனதை இந்தக் குடும்பத்தில் சகலருக்கும் தாரும்" என்றார். அந்த 'சகலர்' யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் நான் விட்டேனா? "பிதாவே, பிறருடைய உயர்வைக் கண்டு சந்தோஷப்படுகிற இருதயத்தை எல்லாருக்கும் தாரும், விசேஷமாக இந்த வீட்டின் தலைவருக்குத் தாரும்" என்று மனமுருகி மன்றாடினேன்.

இதில் எனக்கு ஒரு கஷ்டம். கடைசி ஜெபம் அவருடையது. நான் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு பதிலைச் சொல்லி, 'ஆமென்' போட்டு முடித்துவிடுவார். ஆமென் சொன்ன பிறகு யார் வாயைத் திறக்க முடியும்? நாடாளுமன்றத்தில்கூட இந்த வசதி கிடையாது. அதனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கல்நெஞ்சம் கரைவதைப் பற்றி இத்தனை பாட்டுகள் இருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் பகுதிக்கும் வீட்டுச் சொந்தக்காரர்கள் பகுதிக்கும் நடுவே ஒற்றைச் சுவர். மேலே காற்றுக்காக ஒரு ஜன்னல். அந்தப் பக்கம் இருப்பவர் கன்னியம்மா. தலைமுறை தலைமுறையாக இதே ஊரில் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. இரண்டு எருமைகள் மட்டும் மிச்சம். அவர் கும்பிடுவது ஊர் எல்லையில் இருக்கிற அம்மனை. ஆனாலும் எங்கள் ஜெபத்தை ஒரு நாள் விடாமல் கேட்கிறவர் அவர்தான் என்பது, ஒரு காலையில் பால் ஊற்ற வந்தபோது தெரிந்தது.

"இன்னாம்மா, தினம் ரெண்டு பேரும் சாமியாண்ட மாத்தி மாத்திப் புகார் குடுத்துகினு கீறீங்க. உங்க சாமி பாவம்மா. யார் பேச்சத்தான் அவர் கேப்பாரு?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கண்ணை மூடினால் காதுகளும் மூடிக்கொள்ளும் என்று எப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோமோ!

யோசித்துப் பார்த்தால், இந்த வியாதி எங்கள் வீட்டில் மட்டுமா இருக்கிறது? ஜெபக் கூட்டங்களுக்குப் போகிற வாசகர்கள் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். "கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று ஒருவர் ஜெபிப்பார். அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர் அப்படியே நிற்பார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் இருப்பவருக்காக ஜெபிக்கும்போது எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, ஜன்னலோரக் கட்டிலா கதவோரக் கட்டிலா என்பதெல்லாம் வரும். கடவுளுக்கு வழி தெரியாது பாருங்கள்! இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்குச் சொல்கிற செய்திகள். மேலே இருப்பவரைத் தபால்காரராக வைத்துக்கொண்டிருக்கிறோம்... அவ்வளவுதான்.

சனிக்கிழமை வந்தது. திங்களுக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறு. இந்த வேலை போனால் இனி எனக்குப் பள்ளிக்கூடம் என்பது மகளின் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. சமையல்கட்டில் நின்று கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மணி. அன்றைக்குச் சர்ச் காலண்டரில் போட்டிருந்த பகுதியை விட்டுவிட்டு, இவர் நேராக வேறு ஒரு அதிகாரத்தைத் திறந்தார். முதல் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. குணசாலியான மனைவியைப் பற்றிய அதிகாரம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பாஸ்டர் இதைத் தொடாமல் விடமாட்டார். ஆனால் அவளைப் பற்றிய முதல் வரியோடு நின்றுவிடுவார். முத்தைவிட விலையுயர்ந்தவள் என்பதோடு எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியை நினைக்க ஆரம்பித்துவிடுவோம். இவரும் அந்த முதல் வரியை நம்பித்தான் இறங்கியிருக்கிறார், பாவம்.

கணீரென்று ஆரம்பித்தார். அந்தப் பெண் புருஷனுக்கு நன்மையே செய்கிறாள் என்பதை எனக்காக நிறுத்தி, அழுத்தி வாசித்தார். நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, அவள் வியாபாரக் கப்பலைப் போலத் தூரத்திலிருந்து ஆகாரம் கொண்டுவருகிறாளாம். தூரத்திலிருந்து! இவர் குரல் லேசாகத் தடுமாறியது.

அதற்கடுத்து அவள் ஒரு வயலைப் பார்க்கிறாள். அவளே வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். புடவை நெய்து விற்கிறாள், வியாபாரிகளிடம் இடுப்புக் கச்சைகளைக் கொடுக்கிறாள். இவர் குரல் இறங்கி இறங்கி, பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்காத அளவுக்கு வந்துவிட்டது. அதிகாரத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது இவர் குடும்பத்துச் சட்டம். நிறுத்தவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

சரி, அந்த அம்மாள் இத்தனை வேலை பார்க்கும்போது அவள் புருஷன் என்ன செய்கிறான்? ஊர் வாசலில் பெரியவர்களோடு உட்கார்ந்திருக்கிறான்! இந்த இடம் வந்தபோது நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மகள் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எருமைக்குத் தீவனம் கலக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

வாசித்து முடித்து வேதத்தை மூடினார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

மகள் ஜெபித்தாள். என் முறை வந்தது. என்னிடம் எப்பேர்ப்பட்ட ஜெபம் தயாராக இருந்தது தெரியுமா? கப்பல், வயல், கச்சை, ஊர் வாசல் எல்லாம் சேர்த்து ஒரு பிடி பிடித்திருக்கலாம். கண்ணை மூடுவதற்கு முன் இவர் முகத்தைப் பார்த்தேன். தலையைக் குனிந்து அடிக்காகக் காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு வரவில்லை. இவரை எனக்குப் பிடிக்கும் என்பது அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்?

"ஆண்டவரே, எனக்கு இந்த வேலைமேல ரொம்ப ஆசையா இருக்கு" என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை.

நினைத்துப் பார்க்கிறேன்... அத்தனை நாள் ஜெபத்தில் அவர் மனதை மாற்றும், அவர் இருதயத்தை மாற்றும் என்று கேட்டேனே தவிர, என் ஆசையை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கடவுளிடமும் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை.

அடுத்து இவர் முறை. ஆரம்பித்தபோது, அந்தக் கணீர்த் தமிழைக் காணோம்.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. அந்த ரோட்டுல பஸ் போற போக்கை நான் தெனமும் பாக்கேன். இவ ரெண்டு பஸ் மாறி, படியில நின்னு போய் வரணும். இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்? பிள்ளை நாலு மணிக்கு வந்து பூட்டுன வீட்டு முன்னால நிக்குமே. எனக்கு வேற ஒண்ணும் இல்ல ஆண்டவரே. பயம்தான்."

பயம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தானா இந்த மனிதர் திருப்தி, அடக்கம், குணசாலி என்று ஊரைச் சுற்றினார்?

இவர் இன்னும் ஆமென் சொல்லவில்லை. அதற்குள் மேலேயிருந்து ஒரு குரல்.

"புள்ள இன்னாத்துக்கு தெருவுல நிக்கணும்? நேரா எங்கூட்டுக்கு வந்துடட்டும். நான் பாத்துக்கறேன்."

இவர் சட்டென்று கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்தார். பிறகுதான் ஜன்னலைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு விநாடி அந்தக் குரல் வேறு யாருடையதோ என்று இவர் நினைத்துவிட்டார்! மகள் சிரித்துப் பாயில் உருண்டாள். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் சேர்த்தே செய்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தபடியே "ஆமென்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஏதோ ஒரு பதில் சத்தம் வந்தது. கன்னியம்மாவா, எருமையா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஞானத்தைத் தாரும், ஞானத்தைத் தாரும் என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். அது இடி மின்னலோடு வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது பாருங்கள். அலங்காரம் எதுவும் இல்லாமல், எனக்கு ஆசை, எனக்குப் பயம் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இரண்டு பேருக்கும் அத்தனை நாள் ஜெபம் தேவைப்பட்டிருக்கிறது. அடுத்தவருக்கு நல்ல புத்தி கேட்கிற ஜெபம் சீக்கிரம் வாயில் வந்துவிடுகிறது. நம்மைப் பற்றி உண்மையைச் சொல்கிற ஜெபத்துக்குத்தான் நாக்கு புரளமாட்டேன் என்கிறது.

அதற்காக இவர் உடனே சரி என்று சொல்லிவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஃபாக்டரிக்காரர் அல்லவா, டெஸ்ட் பண்ணிப் பார்க்காமல் எதையும் பாஸ் பண்ணமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பூந்தமல்லிவரை பஸ்ஸில் என்னோடு வந்தார். ஆவடியில் இடித்துப் பிடித்து ஏறினோம். பருத்திப்பட்டு தாண்டும்வரை கம்பியைப் பிடித்த கையை விடவில்லை, மூச்சும் விட்டாரா தெரியாது. பூட்டியிருந்த பள்ளிக்கூடத்து கேட்டை ஆட்டிப் பார்த்தார். உறுதியாக இருந்ததாம். திரும்பி வரும்போது, பஸ் ஸ்டாப்பில் நிற்க எனக்குக் கறுப்புக் குடை ஒன்று வாங்க வேண்டும் என்றார். அதுதான் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் கணக்கு டீச்சர். மகள் நாலு மணிக்குக் கன்னியம்மா வீட்டில் எருமைப் பால் டீ குடிக்கிறாள். ஏழு மணி ஜெபம் வழக்கம்போல நடக்கிறது. என் குணத்தைத் திருத்தச் சொல்லி இவர் இப்போதெல்லாம் ஜெபிப்பதில்லை. அந்த நேரத்தையும் சேர்த்து, பூந்தமல்லி பஸ் ஓட்டுகிற டிரைவருக்காக ஜெபிக்கிறார்.

அந்த மனிதர் ஓட்டுகிற ஓட்டுக்கு, எங்கள் ஒரு வீட்டு ஜெபம் போதாது... நீங்களும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளுங்கள்.