தவறணை வாசலில் விரித்த வலை

மதுவொழிப்பில் பெண்களின் பங்கு பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். எங்கள் கடற்கரை ஊரான மயிலிட்டியில் நாங்கள் கள்ளுத் தவறணையைப் பூட்ட வைத்த கதையைச் சொல்கிறேன், கை தட்டுகிறார்கள், தேத்தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். பூட்டிய பிறகு என்ன நடந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்ல அலுப்பாக இருந்தது.

எண்பத்துநாலில் நான் எங்கள் மாதர் சங்கத்தின் காரியதரிசி. பட்டம்தான் பெரிசு, வேலை மனு எழுதுவது. தவறணையை மூடுங்கள் என்று அரசாங்கக் கந்தோர் கந்தோராக எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கும், ஏனென்றால் அந்தத் தவறணைக்கு முதல் ஆளாகப் போகிறவர் என் மனிசன். மீன் விற்ற கையோடு போனால் பொழுதுபடத்தான் வருவார். அடிக்கமாட்டார், ஏசமாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். பிள்ளைகள் அவரை விலத்தி நடக்கப் பழகிவிட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கு அந்த மனிதர் திரும்ப வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

கடைசியில் தவறணை வாசலிலேயே குந்துவோம் என்று முடிவெடுத்தோம். முதல் நாள் பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியிருந்தோம். ஆண்கள் எங்களுக்கு நடுவால் புகுந்து உள்ளே போனார்கள். இரண்டாம் நாள் என் பக்கத்து வீட்டுக்காரி புருஷனின் வலையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். விடியத் தொழிலுக்குப் போக வேண்டிய வலை, கிழிசல் பொத்தி முடியவில்லை.

"சும்மா இருக்கிற நேரத்திலை இதையும் பொத்தினால் எனக்கு வேலை முடிஞ்சுது அக்கா," என்று தவறணையின் வாசல் படலைக்குக் குறுக்கே விரித்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

முதலில் வந்தவர் வலையைக் கண்டு நின்றார். பின்னால் வந்தவரும் நின்றார். எங்கள் ஊரில் வலையை மிதிக்கமாட்டார்கள், தாண்டவும் மாட்டார்கள். சோறு போடுகிற சாமான். தாண்டின பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும். ஒரு யோசனையும் இல்லாமல் அவள் செய்த காரியம் என் மனுக்கள் எல்லாவற்றையும் விழுத்திவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒருத்தி வலை கொண்டு வந்தாள். தவறணைக்காரர் பின்வேலியில் ஆள் நுழையப் பொட்டு வெட்டினார், அடுத்த நாள் அங்கேயும் ஒரு வலை. "அக்காமார், நானும் பிள்ளைகுட்டிக்காரன்," என்று கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. நாங்கள் எழும்பவில்லை. ஒன்றரை மாதத்தில் பூட்டினார்.

அதற்கு முன்னரே ஒரு பின்னேரம் என் மனிசன் வந்து வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு எதிரே குந்தினார்.

"உந்த ஊசியைத் தாரும். நீர் போடுற முடிச்சிலை ஒரு சூடை மீனும் நிக்காது," என்றார்.

மேடையில் நான் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன்.

தொண்ணூறில் போர் மூண்டு, ஷெல்லடிக்கு ஊரே எழும்பி ஓடியது. சட்டி பானை, உடுப்பு எல்லாவற்றையும் எங்கள் வலையில் பொதிந்து கட்டிக்கொண்டு யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்துத் திருநெல்வேலிக்கு வந்தோம். அங்கே சந்தையில் என் மனிசன் மூட்டை தூக்கினார். திரும்பிப் போவோம் என்று முதல் வருஷம் ஒவ்வொரு நாளும் சொன்னார். இரண்டாம் வருஷம், குடியை விட்டிருந்த மனிதர், ஒழுங்கைக்குள் ஒரு வீட்டில் களவாகக் காய்ச்சிய கசிப்புக் குடிக்கத் தொடங்கினார்.

சங்கத்துப் பெண்களைத் தேடிப் போனேன். சிலர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், சிலர் எங்கே என்றே தெரியவில்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரி ஒரு கோயில் மடத்தில் இருந்தாள். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து படுத்திருந்தாள்.

"எனக்கு ஏலாது அக்கா. இன்னும் எத்தினை வாசலிலை குந்துறது?" என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

தனியாகப் போனேன். கசிப்பு வீட்டுப் படலையில் எங்கள் வலையை விரித்துக்கொண்டு குந்தினேன். உள்ளே போனவர்கள் தோட்டக்காரர், மேசன்மார். வலையை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். அவர்களுக்கு அது வெறும் நூல். நான் அவர்களுக்காகப் போகவில்லை.

அவர் வந்தார். நின்றார். நான் ஊசியை நீட்டினேன்.

"எழும்பி வீட்டை போம்," என்றார். "ஆக்கள் பாக்கினம்."

பிறகு செருப்புக் காலோடு வலையைத் தாண்டி உள்ளே போனார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

குடிக்கப் போனதற்காக நான் அன்று அழவில்லை. அதைப் பல வருஷம் பார்த்தவள் நான். இனி மயிலிட்டிக்குப் போகமாட்டோம், கடலில் இறங்கமாட்டோம் என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டியிருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குத்தான் அழுதேன்.