வைரவருக்கும் அதே தண்ணி

எங்கள் பக்கத்து வீட்டுக் குணலட்சுமி அக்காவுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு தேத்தண்ணி வைத்துக் குடிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் நீர்வேலியில் பாதி ஊர் அந்தக் கிணற்றுக்குத்தான் குடத்தோடு வரும்.

கெடுத்தது அவருடைய புருசன் ஏரம்பு அண்ணைதான். விரைவாய் வளரும், விறகுக்கும் தடிக்கும் ஆகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எண்பத்து மூன்றில், கிணற்றைச் சுற்றி நின்ற நாவலையும் மருதையும் தறித்துவிட்டு வளவு முழுக்க யூக்கலிப்டஸ் நட்டார். கன்றுகளை யாரும் முறிக்காமல் இருக்க நடுவில் ஒரு சூலத்தை ஊன்றிப் பொட்டும் வைத்தார். பிறகென்ன, வைரவர் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு, வருசத்துக்கு ஒரு பொங்கல். மரங்கள் நெடுநெடுவென்று வளர்ந்தன. கிணற்றில் தண்ணீர் அடிக்கு இறங்கி, நாலைந்து வருசத்தில் வாயில் வைக்க முடியாத உப்புச் சவராகிவிட்டது. அக்கா கோயில் கிணற்றுக்குக் குடம் தூக்கத் தொடங்கினார்.

"உந்த மரங்களைத் தறியுங்கோ."

"வைரவரின்ரை மரம். ஆர் கை வைப்பான்?"

"அவரைக் கொண்டுவந்ததே நீங்கள்தானே!"

"ஆர் கொண்டுவந்தாலும், வந்திட்டார்தானே."

பூசாரியைக் கூப்பிட்டுப் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் தறிக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. அக்கா அன்று முழுக்க அழுதார். அதுவரை சூலத்தைக் கோயில் தண்ணீரில்தான் குளிப்பாட்டி வந்தார். அடுத்த வெள்ளி முதல் வீட்டுக் கிணற்றில் அள்ளி ஊற்றினார்.

"எங்களுக்கு வாய்ச்ச தண்ணிதான் உனக்கும். குளி அப்பனே."

ஒரு வருசத்தில் சூலம் துருவேறிச் சிவந்துபோனது. மறுபடி பூக்கட்டியபோது வெள்ளை வந்தது. வைரவருக்கும் ரோசம் இருக்காதா என்று நான் பகிடி விட்டேன்.

சண்டையால் மண்ணெண்ணெய் வராத காலம். தறித்த மரமெல்லாம் ஒரு கிழமையில் ஊர் அடுப்புகளுக்குப் போய்விட்டது. அடிக்கட்டைகள்தான் அடங்கவில்லை. அவை துளிர்க்கத் துளிர்க்க அக்கா கத்தியோடு திரிந்தார். இடையில் நாவல், மருது, இலுப்பை, பாலை என்று கன்றுகள் வைத்தார். சூலத்தை ஒரு மருதங்கன்றுக்குக் கீழே மாற்றினார்.

"என்னக்கா, காடு வளர்க்கிறியளோ?"

"ஓம். காடு வந்தாத்தான் தண்ணி வரும்."

ஒவ்வொரு மாரி முடியவும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "போன வருசத்திலை பார்க்கக் குறைவு" என்பார். எனக்கு உப்பு மட்டும்தான் தெரியும். ஆனால் தொண்ணூற்றைந்து தையில் குடித்தபோது என் பகிடி நின்றுவிட்டது. மெய்யாகவே குறைந்திருந்தது.

"வாற மாரியோடை இனிக்கும்," என்றார் அக்கா. "முதல் தேத்தண்ணி உனக்குத்தான்."

ஐப்பசியில் மாரி தொடங்கியது. அந்தக் கிழமைதான் சண்டை நெருங்கி, எங்கள் வலிகாமம் முழுக்க வீடுவாசலை விட்டு எழும்பி நடந்தது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் நாங்கள் ஒதுங்கினோம். மழை விடவில்லை. ஏரம்பு அண்ணை நனைந்த சாக்கைப் போர்த்துக்கொண்டு இருமினார். எல்லாரையும் போல நானும் மழையைத் திட்டினேன். அக்கா மட்டும் கூரையால் வடிந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திட்டாதை பிள்ளை. அங்கையும் பெய்யும்தானே. கிணறு இப்ப இனிச்சிருக்கும்."

கை நிறைந்து வழிந்தது.

"ஆர் குடிக்கிறது?" என்றார்.