தேயிலைச் சரிவில் இறங்கிய மூன்று அடுக்குக் கேக்

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த ஆண்டுகள் அவை. குன்னூரில் என் கணவர் வேலை பார்த்த ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மற்ற நாட்களில் அவர் வீட்டில் உட்கார்ந்து எனக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதைத் தாங்க முடியாமல்தான் நான் கேக் செய்து விற்கத் தொடங்கினேன். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டினேன்.

ஒருநாள் கேத்தியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. பெங்களூரில் இருக்கும் ஒரு பெண், தன் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மூன்று அடுக்குக் கேக் கேட்டிருந்தாள். முட்டை கூடாது, பதினோரு மணிக்குள் வர வேண்டும் என்று சொல்லி, வீடு இருக்கும் இடத்தைப் போனுக்கு அனுப்பிவிட்டாள். அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்துக்கொண்டு காரில் கிளம்பினோம்.

கேத்திக்கு வழி எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் கணவர் மேப்பைப் போட்டார். அதில் பேசும் பெண்குரல் மீது அவருக்கு அப்படியொரு மரியாதை. பாதி வழியில் அது வலப்பக்கம் திரும்பச் சொன்னது. அங்கே இருந்தது எஸ்டேட் மண்பாதை. மெயின் ரோட்டிலேயே போகலாம் என்றேன். கால் மணி நேரம் மிச்சமாகும் என்று சொல்லித் திருப்பிவிட்டார்.

பாதை ஒடுங்கிக்கொண்டே போனது. தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் கதவை உரசின. ஓரிடத்தில் ரவுண்டானாவைச் சுற்றி நேராகப் போகச் சொன்னது. இருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரு மாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கணவர் இரண்டையும் பயபக்தியோடு சுற்றினார். கடைசியில் ஒரு பாறைக்கு முன்னால் பாதை முடிந்தது. நாங்கள் வந்து சேர்ந்துவிட்டதாகக் குரல் சொன்னது.

இறங்கிப் பார்த்தேன். வீடு இருக்கத்தான் செய்தது. செங்குத்தான சரிவுக்கு அடியில் பந்தலும் வாழைமரமும் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க?"

"உங்க ஊட்டுக்கு மேலதானுங்க."

"மேலன்னா? மாடியிலயா?"

"வெளிய வந்து அண்ணாந்து பாருங்க."

பட்டுப்புடவையில் ஓர் உருவம் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தது. நானும் அசைத்தேன். வேறென்ன செய்வது?

காரைத் திருப்பக்கூட இடமில்லை. பின்னாலேயே போய் மெயின் ரோட்டைப் பிடித்துச் சுற்றிவர ஒரு மணி நேரமாகும். பதினோரு மணிக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. பக்கத்தில் காலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா பாரம்? நாங்க மூட்டை மூட்டையா கொழுந்து தூக்குறோம். நீ பின்னால வா."

ஆளுக்கொரு அடுக்காக மூன்று பேர் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். செடிகளுக்கு நடுவில் என் கண்ணில் படாத பாதை அவர்கள் காலுக்குத் தெரிந்திருந்தது. பெட்டி ஆடவேயில்லை. நான்தான் இரண்டு முறை உட்கார்ந்தபடியே சறுக்கினேன். மூத்தவர் திரும்பிப் பார்க்காமலே, செடியைப் பிடித்துக்கொள், அது உன்னை விடாது என்றார்.

கீழே போனதும் நாதஸ்வரக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை எடுத்துவிட்டார். பந்தலே எழுந்து நின்று சிரித்தது. நான் புடவையில் மண்ணோடு அடுக்குகளை நிறுத்தினேன். மாப்பிள்ளையான பெரியவர் முதல் துண்டை மனைவிக்கு ஊட்டினார். அந்த அம்மா அடுத்த மூன்று துண்டுகளையும் சுமந்து வந்தவர்களுக்குத் தன் கையால் ஊட்டினார். மூத்தவர் கண்ணை மூடி மென்றுவிட்டு, முட்டையில்லாமல் இது எப்படி உப்பியது என்று என்னிடம் விவரமாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, மற்ற இருவரும் தலையாட்டிக்கொண்டே இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்கள்.

என் கணவர் மெயின் ரோட்டில் காரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது.