புங்கமரத்தடிப் பாசனம்

ப்ராஜெக்ட் என்ற சொல் காதில் விழுந்தாலே வானதிக்குப் பயம். செய்வதில் சிரமம் ஒன்றும் இல்லை. அதையெல்லாம் அம்மா மாலதி பார்த்துக்கொள்வாள். நாலாம் வகுப்பில் எரிமலை செய்யச் சொன்னார்கள். களிமண் பிசைந்தது அம்மா, சோடா உப்பும் குங்குமமும் கலந்தது அம்மா, நுரை பொங்கி வழிந்தபோது முதலில் கைதட்டியதும் அம்மாதான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு குன்றுகூட இல்லாத ஊரில், எரிமலையைத் தாம்பாளத்தில் வைத்துப் பள்ளிக்கூடம் வரை சுமந்துபோனது மட்டும்தான் வானதியின் பங்கு. அடுத்து சூரியக் குடும்பம். அதில் வியாழன் கட்டிலுக்கடியில் உருண்டு காணாமல் போக, ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் பெயின்ட் அடித்து ஒப்பேற்றினார்கள்.

பயமெல்லாம் கடைசியில் வரும் கேள்விக்குத்தான். "இதுல என்ன கத்துக்கிட்டீங்க?" இதற்கு வகுப்பில் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "ஒற்றுமையாக இருக்கக் கற்றுக்கொண்டோம்." சொன்னால் கைதட்டுவார்கள், போய் உட்கார்ந்துவிடலாம். எரிமலைக்கு வானதியும் அதையே சொன்னாள். எரிமலைக்கும் ஒற்றுமைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்பார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றுகூடப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. அதில் அவளுக்கு உள்ளூர வருத்தம்.

அவள் அப்படிப்பட்ட பெண். பத்து வயது, இரட்டைச் சடை, அதில் ஒன்று எப்போதும் அவிழ்ந்திருக்கும். சத்துணவு முட்டையில் மஞ்சள் கருவைத் தனியே எடுத்து வைத்துக் கடைசியில் தின்பாள். மனதில் படுவது வாயில் வந்துவிடும். அதனால் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நிறைய. அப்பா குணசேகரனுக்குக் கீழக்கரையில் நிலம். வாய்க்காலில் மேலக்கரை முதலில், நடுக்கரை அடுத்து, கீழக்கரை கடைசி. கடைமடை என்றால் தெரிந்ததுதானே? மேலே உள்ளவர்கள் எல்லாரும் குடித்து, குளித்து, மாடு கழுவி, மீதி இருந்தால் வரும். மீதி இருப்பது அபூர்வம்.

ஐந்தாம் வகுப்புக்கு மெஹராஜ் பேகம் டீச்சர் வந்தார். நாகூர்க்காரர். கடல் பார்த்து வளர்ந்தவர், வாய்க்கால் பாசனம் அவருக்குப் புதிது. வந்த இரண்டாம் வாரமே சொல்லிவிட்டார். "இந்த வருஷம் தெர்மாகோல் கிடையாது, சார்ட் கிடையாது. வீட்டுல யாரும் எதையும் செஞ்சு குடுத்தனுப்பக் கூடாது. உங்க வாய்க்காலை நீங்களே இங்க வெட்டிக் காட்டுங்க."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புங்கமரத்தடியில் வேலை தொடங்கியது. உடைந்த பெஞ்சின் மேல் ஒரு வாளி, அதுதான் மேட்டூர். அதற்குப் பொறுப்பு ராஜராஜன். பெயர்தான் அப்படி, ஆள் வகுப்பிலேயே சின்னவன். வாளியிலிருந்து பச்சைக் குழாய், குழாயிலிருந்து சுவர் வரை நீளமாக ஒரு வாய்க்கால், அதன் கரையில் மூன்று ஊர், ஊருக்கு ஒரு பாத்தி, பாத்திக்கு ஒரு மதகு. பழைய ரப்பர் செருப்பை வெட்டி மதகுக்குப் பலகை செய்தார்கள். நாற்றுக்கு சதீஷின் அப்பா துரைராசு தம் நாற்றங்காலிலிருந்து ஒரு முடி, அதாவது ஒரு கட்டு, கொடுத்தனுப்பினார். தாராளமான மனிதர், தண்ணீரைத் தவிர. மேலக்கரைக்காரர் அல்லவா?

யார் எந்த ஊரோ அவர்களுக்கு அந்தப் பாத்தி. மேலக்கரை சதீஷுக்கு, நடுக்கரை ஜீவிதாவுக்கு, கீழக்கரை வானதிக்கு. வாய்க்கால் வழியாக வரும் தண்ணீரை மட்டும்தான் பாய்ச்ச வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிற வெள்ளிக்கிழமை, பெற்றோர்கள் முன்னால் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

வானதி அன்று மாலையே அப்பாவிடம் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை வாங்கப்பா. கீழக்கரைக்குத் தண்ணி விடப்போறோம்."

குணசேகரன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "பள்ளிக்கூடத்துலயாவது நம்ம ஊருக்கு வருதான்னு வந்து பாத்துடறேன்."

"வரும்பா. நான் கொண்டாறேன்."

வேடிக்கையாகச் சொன்ன மனிதர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு வானதிக்கு அது ப்ராஜெக்ட்டாகத் தெரியவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்காகிவிட்டது.

ஆனால் தண்ணீர் வந்தால்தானே! ராஜராஜன் தினமும் காலையில் "மேட்டூர் தொறந்தாச்சு" என்று கத்திவிட்டுக் குழாயை அவிழ்ப்பான். முதல் தண்ணீரைக் காய்ந்த மண்ணே குடித்துவிடும். மிச்சத்தை சதீஷின் மதகு வாங்கிக்கொள்ளும். நடுக்கரைக்குக் கொஞ்சம் கசியும். ஜீவிதா எதற்கும் குறை சொல்லமாட்டாள், ஈரம் பட்டால் போதும் அவளுக்கு. கீழக்கரைக்கு வருவதற்குள் வாளி காலி. சதீஷின் நாற்று கொழுகொழுவென்று நின்றது. வானதியின் நாற்று நுனி மஞ்சளாகித் தலை தொங்கியது.

பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், ஒருநாள் இடைவேளையில் தன் வாட்டர் பாட்டிலைப் பாத்தியில் கவிழ்த்துவிட்டாள். சதீஷ் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன்போலப் பிடித்துவிட்டான்.

"டீச்சர், வானதி போர் போட்டுட்டா."

"ஆமா, போட்டேன். வாய்க்கால்ல வந்தா நான் ஏன் போர் போடறேன்?"

"கரன்ட் கனெக்‌ஷன் வாங்கினியா?"

மெஹராஜ் டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான், பாட்டில் தண்ணீர் செல்லாது என்றுவிட்டார். வானதிக்கு மூக்கு விடைத்தது.

"அவனை ஒருநாள் கீழக்கரையில நிக்கச் சொல்லுங்க டீச்சர். அப்ப தெரியும்."

கோபத்தில் சொன்னதை டீச்சர் பிடித்துக்கொண்டார். "நல்லாருக்கே. நாளையிலேருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்க ரெண்டு பேரும் ஊரை மாத்திக்கங்க." ஜீவிதாவைக் கேட்டதற்கு, "நான் நடுவுலயே இருந்துக்கறேன் டீச்சர்" என்றாள்.

மறுநாள் வானதி மேலக்கரை மதகில் உட்கார்ந்தாள். அடேயப்பா, என்ன சுகம்! குழாயைத் திறந்த மாத்திரத்தில் தண்ணீர் சலசலவென்று காலடிக்கு ஓடிவந்தது. பலகையைத் தூக்கினாள். பாத்தி நிறைந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று தோன்றியது, நாளைக்கும் சேர்த்து இருக்கட்டும் என்று தோன்றியது. நாற்று முழுகும் அளவுக்கு நின்றபோதுகூடப் பலகையை இறக்கக் கை வரவில்லை. "ஏய், மூடுடி, எனக்கு வரல" என்று சதீஷ் சுவரோரத்திலிருந்து கத்தினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் காலடியில் வெள்ளைக் காகிதக் கொடியில் அவள் கையாலேயே எழுதியிருந்தது: கீழக்கரை. காய்ந்து கிடந்தது அவளுடைய நாற்று.

அன்று முட்டையின் மஞ்சள் கருவை அவள் தின்னவில்லை. வீட்டிலும் ஊர் மாறிய கதையைச் சொல்லவில்லை. சதீஷும் சொல்லவில்லை, அந்த வயதுப் பையன்கள் வீட்டில் எதைத்தான் சொல்கிறார்கள்?

அதற்குப் பிறகு இருவரும் அதிகம் பேசாமலேயே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இன்று மேலே இருப்பவர் நாளை கீழே போயாக வேண்டும். எனவே கீழக்கரை நனைந்த பிறகுதான் மேலக்கரை மதகு திறக்கும். தண்ணீர் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. மஞ்சளடித்த நாற்றில் ஒன்றிரண்டு போக, மற்றது தலை தூக்கியது.

வெள்ளிக்கிழமை வந்தது. முறைப்படி அன்று மேல் மதகில் வானதி, கடைமடையில் சதீஷ். பெற்றோர்கள் புங்கமரத்தைச் சுற்றி நின்றார்கள். குணசேகரன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர்போலப் பளிச்சென்றிருந்தார். மகள் ஏன் மேலக்கரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவளோ, தண்ணீர் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் புரிந்துவிடும் என்று பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மேட்டூர் தொறந்தாச்சு" என்றான் ராஜராஜன்.

தண்ணீர் மூடிய மதகைத் தாண்டி ஓடியது. வேடிக்கை பார்க்கக் குந்தியிருந்த துரைராசுவின் கண், மேலக்கரை என்ற கொடியில் விழுந்தது. மூடிய மதகில் விழுந்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கை நாற்பது வருஷமாகச் செய்வதைச் செய்தது. "பலகை எறங்கியிருக்கு பாரு பாப்பா" என்று கனிவாகச் சொல்லிக்கொண்டே அதைத் தூக்கிவிட்டு, வாய்ப்பக்கத்தை ஆள்காட்டி விரலால் கொஞ்சம் ஆழமாகவும் பறித்துவிட்டார். தண்ணீர் மொத்தமும் திரும்பியது.

குணசேகரனுக்குப் பொறுக்கவில்லை. "துரைராசண்ணே, இங்கயுமா?"

"சின்னப் புள்ளைங்க வெளையாட்டுக்கு ஏம்ப்பா கோவப்படற?"

"வெளையாட்டுன்னா விரலை எடுங்க."

"மேல நெறைஞ்சா கீழ தானா வரப்போவுது."

"அதைத்தான் எங்கப்பா காலத்துலேருந்து சொல்றீங்க."

சுற்றி நின்றவர்களும் அவரவர் ஊர்ப்பக்கம் சேர்ந்துகொண்டார்கள். போன வருஷத்துக் கதை வந்தது, அதற்கு முந்தின வருஷத்துக் கதையும் வந்தது. மெஹராஜ் டீச்சர் இங்கும் அங்கும் பார்த்துக் கையைப் பிசைந்தார். பெரியவர் கையை எப்படித் தட்டிவிடுவது என்று தெரியாமல் வானதி திகைத்துப்போனாள். ஓடிய தண்ணீர் நடுக்கரையோடு நின்றுவிட்டது. அப்பாவுக்குச் சொன்ன சொல் அங்கேயே நுரை தட்டி நின்றது.

"மேட்டூர்ல பாதிதான் இருக்கு" என்று அறிவித்தான் ராஜராஜன்.

அப்போதுதான் சுவரோரத்திலிருந்து ஒரு குரல், அழுகை கலந்து.

"அப்பா, மூடுங்கப்பா. எனக்கு வரலப்பா."

துரைராசு திரும்பினார். "நீ ஏன்டா அங்க நிக்கற? நம்ம ஊரு இங்க இருக்கு."

"இன்னைக்கு இதுதான்ப்பா என் ஊரு."

துரைராசு மகனைப் பார்த்தார், தன் விரலிலிருந்த சேற்றைப் பார்த்தார். பறித்த மண்ணைத் தாமே அணைத்து, பலகையை இறக்கி, கசியாமல் கட்டைவிரலால் அழுத்தினார். வாளியில் இருந்த மிச்சத் தண்ணீர் தயங்கித் தயங்கி நகர்ந்தது. நடுக்கரையைத் தாண்டி, சுவரோரம் திரும்பி, சதீஷின் காலடிப் பாத்தியில் இறங்கியது. வானதி அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வெள்ளைச் சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் மண்டியிட்டுக் குனிந்து, அந்தப் பாத்தியில் ஒரு விரலை வைத்து ஈரம் பார்த்தார்.

மெஹராஜ் டீச்சர் நிம்மதியாக மூச்சுவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வானதி, இதுல என்ன கத்துக்கிட்டே?"

ஒற்றுமை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் வேறு ஒன்றைச் சொன்னாள்.

"மொதநாள் இந்த மதகுல ஒக்காந்தப்ப எனக்கும் மூட மனசு வரலை டீச்சர். நாத்து முழுகிடுச்சு, அப்பவும் வரலை. கீழக்கரைன்னு ஒரு ஊரு இருக்கறதே மறந்துபோச்சு." அப்பாவைப் பார்க்காமல் முடித்தாள். "அது எங்க ஊரு."

யாரும் கைதட்டவில்லை. துரைராசுதான் முதலில் சிரித்தார். சிரிப்பை நடுவிலேயே நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் அப்பாவின் மொபெட்டில் வீடு திரும்பும்போது, நிஜமான மேலக்கரை மதகருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள் வானதி. ஆற்றில் தண்ணீர் வந்து சில நாளாகியிருந்தது. மதகில் பலகை முழுக்கத் தூக்கியிருந்தது. மேலக்கரை வயலெல்லாம் வரப்பு தெரியாமல் தண்ணீர். வாய்க்காலில் அதற்குக் கீழே வெறும் மண்.

"எறக்கலாமாப்பா?"

"நாம கை வைக்கக் கூடாது. அவங்களா எறக்கணும்."

பின்னாலேயே துரைராசுவின் வண்டி வந்தது. அது நிற்பதற்குள் சதீஷ் குதித்திறங்கி மதகுக் கட்டையில் போய் நின்றுகொண்டான்.

"என்னடா?"

"இன்னும் பொழுது சாயலப்பா. நான் இன்னைக்குப் பூரா கடைமடைதான். டீச்சர் சொல்லியிருக்காங்க."

துரைராசு அவனை முறைத்தார். குணசேகரன் பக்கம் திரும்பினார். "பாத்தியா குணசேகரா, எப்படி வளத்து வச்சிருக்காங்கன்னு?" என்று அலுத்துக்கொண்டே கைலியை மடித்துக் கட்டி இறங்கினார். பலகை இறங்க மறுத்தது. குணசேகரன் சட்டையைக் கழற்றி வண்டிமேல் போட்டுவிட்டுப் போய் மறுமுனையை அழுத்தினார்.

காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர், சருகையும் தூசியையும் தள்ளிக்கொண்டு ஒரு பாம்புபோல் ஊர்ந்து வந்தது. வானதி கரையில் அதனோடு நடந்தாள். அது ஒரு பள்ளத்தில் நின்று நிரம்பியபோது அவளும் நின்றாள். சதீஷும் வந்து சேர்ந்துகொண்டான்.

"எங்கடா போற? வீடு இந்தப் பக்கம்" என்று மதகிலிருந்து துரைராசு கூப்பிட்டார்.

"எங்க ஊருக்குப்பா" என்று அவன் திரும்பாமலே சொன்னான். பள்ளம் நிறைந்து தண்ணீர் மறுபடி நகர, இருவரும் அதற்கு முன்னால் ஓடினார்கள்.