இடது கன்னத்தில் ஒரு மச்சம்

ஜெர்மனியில், லைப்சிக்கில், தோல் புற்றுநோய்ப் பயத்தில் இரண்டு வருடத்துக்கொரு முறை என் மச்சங்களை எண்ணுகிறார்கள். தோல் மருத்துவரின் அறையில் உள்ளாடையோடு நிற்க வேண்டும். அவர் பூதக்கண்ணாடி பொருத்திய ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றி வருவார். "இடது தோள், ஒன்று" என்று அவர் சொல்லச் சொல்ல, உதவியாளப் பெண் கணினியில் தெரியும் ஒரு மனித உருவத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வருவார். உசிலம்பட்டிச் சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள்கூடப் பல்லையும் சுழியையும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். இங்கே கால்விரல் இடுக்கு வரை பார்க்கிறார்கள். முதல் தடவை மொத்தம் இருபத்து மூன்று என்று கணக்கு வந்தது. இடது கன்னத்தில் இருப்பது ஆபத்தில்லாத நல்ல மச்சம்தான், அதைத் தொட வேண்டாம் என்றார் மருத்துவர். நான் போனதோ மச்சத்துக்காக அல்ல, இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாகப் படர்ந்திருந்த மங்குக்காக. அதைக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்து, வெயிலில் நிறம் அழகாக ஏறியிருக்கிறது, விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டார். அது போகவே மாட்டேனென்று பல வருடமாக உட்கார்ந்திருக்கும் மங்கு என்று விளக்க எனக்கு ஜெர்மன் போதவில்லை. கடைசியில் புரிந்துகொண்டு, உங்கள் தோலுக்கு லேசர் ஆகாது, வெயிலுக்குக் களிம்பு பூசுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அது நவம்பர் மாதம். வெயில் என்ற ஒன்றைப் பார்த்து எங்களுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

அடுத்த மே மாதம் மதுரைக்குப் போனேன். லீவுக்கு என்று எல்லோரிடமும் சொன்னாலும், போனது அப்பாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். ஜெர்மன் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தேன். அது கிடைத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதை எந்த மகளாலும் போனில் சொல்ல முடியாது. அதிலும் என் அப்பாவிடம் முடியவே முடியாது. அவர் ஒரு மிஷன் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மனிதன் இன்னார் என்பது காகிதத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர். அவருடைய வேலையிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது, மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் எழுதுவது. ஆளுக்கு இரண்டு எழுத வேண்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, காலரை இறக்கி, சட்டைக் கையைச் சுருட்டி, மச்சமோ தழும்போ கிடைக்கும்வரை தேடுவார். ஒன்றுமே இல்லாத பிள்ளை வந்தால் அன்று வீட்டிலும் முகம் வாடித்தான் இருக்கும். தொலைந்து போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று புலம்புவார். நானும் அதே பள்ளிதான். என் சான்றிதழை அவரே எழுதினார். முதல் அடையாளம், இடது கன்னத்தில் ஒரு மச்சம். இரண்டாவது, வலது முழங்கையில் ஒரு தழும்பு. ஜெர்மானியர்கள் மச்சத்தை முட்டர்மால், அதாவது அம்மா வைத்த குறி என்கிறார்கள். எனக்கு வைத்தது அப்பா, நீல மையில்.

வில்லாபுரத்தில் அண்ணன் வீட்டில்தான் அப்பா இருக்கிறார். வந்த மூன்றாம் நாள் மதினி என் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருந்த லேசர் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். லைப்சிக் மருத்துவர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் பெரிய விஷயத்தைச் சொல்லத் தள்ளிப்போடுகிறவர்கள் கிடைத்த வேலையையெல்லாம் செய்வார்கள். வரவேற்பில் இருந்த பெண் மங்குக்கு ஆறு தடவை வரவேண்டும் என்றாள். மதினி என் கையை அமுக்கினாள்.

"அமலி, நீ சும்மா இரு, நான் பேசுறேன்" என்று முன்னால் நகர்ந்தாள். "ஏம்மா, ஆறு தடவை வாறோம்ல, கூட என்ன தருவீக?"

"ஒரு மச்சம் ஃப்ரீயா எடுத்துவிடுறோம் மேடம்."

காய்கறிக்காரரிடம் கொசுறு கேட்கிற அதே முகத்தோடு மதினி மூன்று மச்சம் கேட்டாள். ஒன்றுக்கு மேல் கட்டுப்படியாகாது என்றாள் அந்தப் பெண். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கண்ணை மூட ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிப் படுக்க வைத்தார்கள். ரப்பர் பேண்டைச் சுண்டிவிடுவது போல நூறு தடவை சுண்டியது. அப்புறம் முடி பொசுங்கும் வாடை வந்தது. எந்த மச்சம் என்று டாக்டர் கேட்டதற்கு, முகத்தில் எடுப்பாகத் தெரிவதைக் காட்டியது மதினிதான் என்று இன்றுவரை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் காட்டியது என் விரல். எழுந்து உட்கார்ந்ததும், பத்து நாளைக்கு வெயிலில் போகக் கூடாது என்றார்கள். மே மாதத்தில், மதுரையில்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது சொல்லிவிடுவதென்று தீர்மானித்து அப்பாவின் எதிரே உட்கார்ந்தேன். "அப்பா, ஒரு விசயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"பாப்பா, மச்சம் எங்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து என் சான்றிதழ் கிடக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து, ஒரு முறை அதைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. விமான நிலையத்தில் கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்றார். யாரும் கேட்க மாட்டார்கள், பாஸ்போர்ட்டில் அதெல்லாம் கிடையாது என்றேன். கேட்கிற அன்றைக்குத் தெரியும் என்று சட்டையை மாட்டினார். நான் சொல்ல வந்த விஷயம் காபியோடு ஆறிப்போனது.

முதலில் கிளினிக்குக்குப் போனோம். நான் குடை பிடித்து, துப்பட்டாவால் கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றியிருந்தேன். அதற்குள் களிம்பு உருகிக் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எடுத்த மச்சத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறீர்களா என்று அப்பா கேட்டார். அது ஆவியாகப் போய்விடும் சார் என்றாள் அந்தப் பெண். அப்படியானால் நீக்கியதாக ஒரு கடிதம் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். டாக்டரும் ஆளை அனுப்பினால் போதுமென்று எழுதிக் கொடுத்தார். கடிதத் தாளின் மேலே ஒரு வெள்ளைக்காரப் பெண் தோளைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு மச்சம்கூட இல்லை என்பதை அப்பா கவனித்து வருத்தப்பட்டார்.

அங்கிருந்து ஆட்டோவில் பள்ளிக்கூடம். அப்பாவின் மேசையில் இப்போது இருப்பவர், அவரிடம் வேலை பழகியவர். ஓடி வந்து நாற்காலி போட்டார். கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, பழைய ரெக்கார்டுல நம்ம கை வைக்க முடியாது. அதான் ரெண்டாவது அடையாளம் இருக்குல்ல, முழங்கைத் தழும்பு."

"அது ரெண்டாவதுதானப்பா" என்றார் அப்பா.

ஒருவேளை யாராவது கேட்டால் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று அந்த எழுத்தர் யோசனை சொல்லிவிட்டு, டீ வாங்கிவர ஆள் அனுப்பப் போனார். அப்பா தன் பழைய மேசைக்கு எதிரே, வெளியாட்கள் உட்காரும் பெஞ்சில், கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் துப்பட்டாவை அவிழ்த்தேன். இந்தப் பாஸ்போர்ட்டையே திருப்பிக் கொடுக்கப் போகிறேன், அந்த ஊர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கன்னம் எரிந்தது. எனக்கு அழுகையும் வந்தது. அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஊரு பாஸ்போர்ட்டுல என்ன அடையாளம் எழுதுவாக?"

"கண்ணு நிறமும் உசரமும்ப்பா."

"கண்ணும் உசரமும் எல்லாருக்குந்தான இருக்கு" என்றார். "அதை வச்சு ஒன்னைய எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

டீயைக் குடித்தோம். திரும்பும் வழியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் ஆட்டோவை நிறுத்தி, பச்சை மைப் பேனா ஒன்று வாங்கினார். பச்சை மையில் கையெழுத்துப் போடுவது பெரிய அதிகாரிகள் மட்டுமே. சான்றொப்பம் வாங்க அவர்கள் வீட்டு வாசலில் எத்தனையோ நாள் காத்துக் கிடந்த மனிதர், வாழ்நாளில் அந்த மையைத் தொட்டதில்லை. அன்று சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது. அமலி என்பவரின் பள்ளிச் சான்றிதழில் முதல் அடையாளமாகக் குறிக்கப்பட்ட மச்சம் லேசர் ஒளியால் நீக்கப்பட்டது. மச்சம் இல்லாவிட்டாலும் இவர் அவரே. நெடுநாள் தெரிந்தவன் என்ற முறையில் சான்றளிக்கிறேன்." கீழே பச்சை மையில் கையெழுத்து. அப்பா என்று எங்கும் எழுதவில்லை. சொந்தக்காரர் சான்றளித்தால் செல்லாது என்றார்.

குடியுரிமை வந்தது. புதிய பாஸ்போர்ட்டுக்காக லைப்சிக் அலுவலகத்தில் உட்கார்ந்தபோது, எதிரே இருந்த இளைஞர் என் கண்ணை எட்டிப் பார்த்து பிரவுன் என்று தட்டினார், நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று தட்டினார். முடிந்தது. கோப்பிலிருந்து நழுவிய அப்பாவின் தாளைப் பார்த்து இது என்ன என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். மச்சத்தையே நீக்கினார்கள் என்றால் உங்களுக்கு ஏதோ கடுமையான நோய் வந்திருக்கிறது போல, இப்போது நலமா என்று அன்போடு விசாரித்துவிட்டு, இது எங்களுக்குத் தேவைப்படாது என்று திருப்பிக் கொடுத்தார்.

மங்கு போகவில்லை, இன்னும் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கிறது. அடுத்த எண்ணிக்கைக்குப் போனபோது தோல் மருத்துவர் கணினியையும் என் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார், அப்பா பார்த்த அதே பார்வை. எடுத்த மச்சம் எங்கே, பரிசோதனைக்கு அனுப்பிய அறிக்கை எங்கே என்றார். இந்த உலகத்தில் என் மச்சம் எங்கே போனது என்று கேட்டவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ஆவியாகிவிட்டது, இலவசமாக எடுத்தார்கள் என்று சொன்னேன். அவர் அதை நம்பவில்லை. விளக்கை இன்னும் அருகில் கொண்டுவந்தார். அதே இடத்தில் கடுகளவு பழுப்பாய் ஒன்று முளைத்திருந்தது. மச்சத்தை மேலோடு சுட்டால் சில சமயம் திரும்ப வரும் என்றார். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். உதவியாளப் பெண் பழைய புள்ளியை அழித்துவிட்டு வேறொன்று வைத்து, பக்கத்தில் "நொய்" என்று தட்டினார். புதியது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கன்னத்தை போனுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார். அதே இடம்தான் என்று உறுதி செய்த பிறகு, அப்படியானால் தான் கொடுத்த சான்று செல்லாது, அதைக் கிழித்துவிடு என்றார். சரியென்று சொன்னேன், கிழிக்கவில்லை. இந்த ஊர்க் கணினியில் அது புதிய மச்சம். வில்லாபுரத்துப் பிளாஸ்டிக் கவரில் அது முதல் அடையாளம். அரிப்பெடுக்கும்போது இரண்டையும் சேர்த்துத்தான் சொறிந்துகொள்கிறேன்.