ஓரிரு என்று ஓர் ஊர்

இன்று காலை கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண்ணின் செல்போன் பேசியது: "வெப்பமும் புழுக்கமும் அதிகமாக இருக்கும். மலையோரம் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்." அதற்குமேல் கேட்க முடியாமல் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். கல்யாணத்துக்கு முன்னால் வடக்கனந்தல் பக்கம் செங்கல் சூளையில் மண் மிதிக்கும் வேலை. இன்றும் ஈரமண் வாசனை அடித்தால் அந்தச் சூளைதான். சுடாத பச்சைக்கல் மழையில் நனைந்தால் மறுபடி மண்ணாகிவிடும். அதனால் மேஸ்திரியின் ரேடியோ வானிலை சொல்லும்போது எல்லாரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்போம். தினமும் 'ஓரிரு இடங்களில்' மழை. எங்களுக்கு மட்டும் வெயில். ஓரிரு என்றால் ஏதோ ஓர் ஊர் என்றே நாங்கள் நம்பியிருந்தோம்.

"அந்த ஊர்க்காரன் குடுத்து வச்சவன்டா" என்பார் கல் அறுக்கும் மாணிக்கம் அண்ணன். அவர் மனைவி அஞ்சலை அக்கா என் பக்கம் திரும்புவார்.

"இன்னா தம்பி, உனக்கு ஓரிருலயே பொண்ணு பாத்துடலாமா? தண்ணிக் கஷ்டம் இருக்காது."

நான் தலையைக் குனிந்து மண்ணை வேகமாக மிதிப்பேன்.

"பாருங்க, இப்பவே மாமனார் வூட்டுக்கு நடந்துக்கினு இருக்காரு!"

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருமுறை உளுந்தூர்பேட்டையில் பஸ் போர்டுகளில் அந்த ஊரைத் தேடியும் பார்த்தேன். கண்டக்டரிடம் கேட்கக் கூச்சம். மானம் தப்பியது.

ஒரு சித்திரை மத்தியானம். எங்கள் தலைக்கு மேல் பொட்டு மேகம் இல்லை. தூரத்தில் கல்வராயன் மலை மட்டும் மை பூசியதுபோல் கறுத்திருந்தது. அக்கா காய்ந்த ஓடையில் இறங்கி, குடத்தை வைத்துவிட்டு மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தார். லாரி வருவதுபோல் சத்தம் கேட்டது. ஓடைக்குள் ஏது லாரி என்று திரும்பினோம். செந்தண்ணீர் மரங்களை வேரோடு தள்ளிக்கொண்டு வந்தது.

"அஞ்சல, ஏறுடீ!" அண்ணன் கத்தினார்.

அக்கா நிமிர்ந்து தண்ணீரைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார், இன்னா என்று கேட்பதுபோல. அப்புறம் அங்கே தண்ணீர்தான் இருந்தது.

வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. அடுக்கி வைத்த பச்சைக்கல் ஒன்றுகூட நனையவில்லை.

மறுநாள் ஓடையின் கீழ்ப்பக்கக் கரை முள்ளில் சிக்கியிருந்த அக்காவை எடுத்தோம். விசாரிக்க வந்த அதிகாரி சொன்னார்: "மலையில ஓரிரு இடத்துல ஜாஸ்தி மழை."

மாணிக்கம் அண்ணன் எழுந்தார். "அது எங்க சார் இருக்குது, அந்த ஓரிரு?"

யாரும் சிரிக்கவில்லை.

"ஊரு இல்லப்பா. அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு அர்த்தம்."

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது சூளை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது. வானிலை எல்லார் கையிலும் இருக்கிறது, அதே வார்த்தையோடு. தினமும் மழை பெய்த, எனக்கு ஒரு பெண் இருந்த அந்த ஊர்தான் இல்லை.