மணல் மட்டுமே இருந்த அடுக்கு

அந்த ஆண்டு நான் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். பாலைவனக் குகை ஒன்றில் தோண்டியெடுத்த மண், அடுக்கு வாரியாகப் பைகளில் கட்டி எங்களுக்கு வந்திருந்தது. அதைத் தண்ணீர் விட்டுச் சலிப்பது, பெசன்ட் நகர் மீனவர் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் வேலை. அதில் தேறும் மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுவது என் வேலை.

கீழ் அடுக்குகளில் கோரையின் மகரந்தம் நிறைய இருந்தது. பக்கத்தில் ஏரி இருந்திருக்க வேண்டும். கூடவே அடுப்புக்கரி, சுட்ட எலும்பு, கல் சில்லுகள். எத்தனையோ தலைமுறைகள் அங்கே சமைத்து, தின்று, தூங்கியிருக்கின்றன. மேலே வர வரக் கோரை குறைந்தது, கரியும் குறைந்தது. பிறகு ஒரு சாண் கனத்துக்கு வெறும் மணல். ஸ்லைடை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எங்கள் தலைவரிடம் கேட்டேன். மழை நின்று ஏரி வற்றியிருக்கும், கிளம்பியிருப்பார்கள் என்றார். எங்கே போனார்கள் என்றேன். அதை இந்த மண்ணை வைத்துச் சொல்ல முடியாது என்றார்.

வேறு வருடமாக இருந்தால் மறந்திருப்பேன். அந்தக் கோடையில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பின் போர் வற்றிவிட்டது. மோட்டார் போட்டால் காற்றுதான் இரைந்தது. தண்ணி லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்கட்டுமா என்று கணவர் ஒருநாள் சாப்பிட்டபடியே கேட்டார். அந்தக் குகையிலும் பேச்சு இப்படித்தான் சோற்றுக்கு நடுவே ஆரம்பித்திருக்கும் என்று தோன்றியது.

லாரி வராத மூன்றாம் நாள் மதியம், ஆய்வுக்கூடத்து டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்றைத் துப்பட்டாவால் மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் சலிக்கும் பெண் நின்றிருந்தாள்.

"இன்னாக்கா, வூட்ல தண்ணி சுத்தமா இல்லியா?"

துப்பட்டாவை விலக்கினேன். கேனை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். குப்பத்தில் மணலில் ஊற்று தோண்டியிருப்பதாகவும், ஒரு குடம் எடுத்துத் தருவதாகவும் சொல்லி ஆட்டோவில் என்னை அழைத்துப் போனாள்.

படகுகளுக்குப் பின்னால் இருந்தது அந்தக் குழி. அவள் இறங்கியதும் தலை மறைந்துவிட்டது. போன வருடம் முழங்காலளவு தோண்டினாலே ஊறியது என்று உள்ளிருந்து சொன்னாள். கிண்ணத்தால் அள்ளிக் குடத்தை நிரப்பி, தூக்கிக் கொடுத்தாள். பிறகு ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"உப்பு ஏறிக்கினே வருதுக்கா. இன்னும் தோண்டினா கடல்தான் வரும்."

அவள் ஏறக் கை நீட்டியபோது ஒரு பக்கத்து மணல் சத்தமே இல்லாமல் சரிந்தது. அவளை இடுப்புவரை மூடிவிட்டது. என் காலடியிலும் மணல் நழுவியது. நான் குப்புறப் படுத்துத் துப்பட்டாவை வீசினேன். அவள் பிடித்துக்கொண்டாள், ஆனால் அசைய முடியவில்லை. இன்னும் கொஞ்சம் மணல் உதிர்ந்து அவள் மார்பைத் தொட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். கயிறு போட்டு, கையால் மணலை வாரித்தள்ளி, அவளை வெளியே இழுத்தார்கள். இருமி முடித்ததும் அவள் முதலில் கேட்டது, குடம் கவிழ்ந்துவிட்டதா என்று. கவிழவில்லை. அன்றைக்கே குழியை மூடிவிட்டார்கள்.

அந்தத் தண்ணீரில்தான் இரவு சோறு வடித்தேன். உப்புக் கரித்தாலும் மகள் தட்டைக் காலி செய்தாள்.

ஐப்பசியில் மழை பெய்தது. போரில் தண்ணீர் ஏறியது, கணவர் மாற்றல் பேச்சை விட்டார், தண்ணீர் இல்லாமல் நின்றிருந்த சலிக்கும் வேலையும் மறுபடி தொடங்கியது. நான்தான் காப்பாற்றினேன் என்று அவள் இப்போதும் எல்லோரிடமும் சொல்கிறாள். மணல் சரிந்த அந்த நொடியில், குடத்தை எடுத்துக்கொண்டு விலகிவிடத்தான் என் கை முதலில் போனது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.